இரவுப் பணியும் உறங்கும் மூளையும்: போத்தனூர் சந்திப்பை முன்வைத்து

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய மதராஸ் ரயில்வேயின் தென்மேற்குப் பாதை, 1862இல் மலபார்க் கரையோடு இணைந்தபோது கோயம்புத்தூர் நகரத்தைத் தொடவில்லை. நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியிருந்த போத்தனூர் வழியாகவே அது பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் சென்றது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை திறக்கப்பட்ட பிறகே கோயம்புத்தூர் ரயில் கண்டது. அப்போதும் அது கிளையில் ஒரு நிலையம்தான், பெருவழி போத்தனூருடையது. 1915இல் பொள்ளாச்சிக்கு மீட்டர் பாதையும் இங்கிருந்து பிரிந்தது. வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயர் இடம்பெறுவது பெரும்பாலும் 1921 நவம்பரில் திரூரிலிருந்து மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட மாப்பிளைக் கைதிகள் மூச்சுத் திணறி இறந்ததும், அப்பெட்டியின் கதவு போத்தனூரில் திறக்கப்பட்டதும் ஆகிய கொடுமையை ஒட்டியே ஆகும். ஆனால் இவ்வூர் மக்களின் வாழ்வை ஒன்றரை நூற்றாண்டாக வடிவமைத்து வந்தது அவ்வளவாக எழுதப்படாத வேறொரு செய்தி: ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருக்க வேண்டிய தொழில்.

இதற்குக் காரணம் நில அமைப்பிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து போத்தனூர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாலையிலோ முன்னிரவிலோ சென்னையை விட்டுப் புறப்படும் மலபார் வண்டி, பயணிகள் காலையில் ஊர் சேர வேண்டும் என்னும் வசதிக்கேற்ப அமைக்கப்பட்டதால், விடியலுக்கு முன்பே கொங்கு நாட்டைக் கடந்துவிடும். நீலகிரிக்குச் செல்வோர் மேட்டுப்பாளையத்தில் பொழுது விடியும்போது இறங்க வேண்டும் என்பதும் இதே கணக்குதான். பயணிக்கு உகந்த இந்த ஏற்பாட்டின் மறுபக்கமாக, போத்தனூரின் ஓட்டுநர், பயர்மேன், கார்டு, பாயிண்ட்ஸ்மேன், கேபின்மேன், நிலைய அதிகாரி ஆகியோருக்கு நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட பொழுதே நெரிசல் மிக்க வேலை நேரமாயிற்று. மூளை மிகத் தாழ்ந்த விழிப்பில் இருக்கும் பொழுதும் அதுவே என்பது அக்கால அட்டவணை அமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ரயில்வே கொண்டுவந்த முதல் மாற்றம் நேரத்தைப் பற்றியது. 1906 சனவரி 1ஆம் நாள் இந்திய நிலைநேரம் நடைமுறைக்கு வரும் வரை, இந்திய ரயில்வேக்களின் பொது நேரம் மதராஸ் வானாய்வகத்தின் நேரமாக இருந்தது. தந்தி வழியாக அது நிலையங்களுக்கு அறிவிக்கப்பட்டது. போத்தனூரில் சூரியன் உச்சிக்கு வருவது சென்னையைவிட ஏறக்குறைய 13 நிமிடம் தாமதமாக என்றாலும், நிலையக் கடிகாரம் சென்னையின் உச்சிப்பொழுதையே காட்டியது. இந்த 13 நிமிடம் உடலுக்கு ஒரு பொருட்டல்ல. கடிகாரம் சூரியனைவிட்டு விலக முடியும் என்றும், மனிதன் அதைப் பின்தொடர்ந்து வருவான் என்றும் இதனால் வேரூன்றிய நம்பிக்கைதான் பொருட்டானது.

அந்த நம்பிக்கையை வீட்டு வாசல்வரை எடுத்துச் சென்றவர் 'கால் பாய்' என்றழைக்கப்பட்ட ஊழியர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தமிழ், மலையாளக் குடும்பங்களும் வாழ்ந்த ரயில்வே குடியிருப்புகளில், எந்த வண்டிக்கு எவர் செல்ல வேண்டும் என்று எழுதிய புத்தகத்தோடு அவர் இரவில் வந்து கதவைத் தட்டி, ஓட்டுநரிடம் கையொப்பம் வாங்கிச் செல்வார். வண்டி ஏறும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பாக இந்த அழைப்பு வரும். குளித்து, உண்டு, ஷெட்டுக்கு நடந்துபோய்ச் சேர்வதற்காக ஒதுக்கப்பட்ட இந்த இடைவெளி, தற்செயலாக மற்றொரு பயனையும் தந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென எழுப்பப்படும் மூளை ஒரே நொடியில் முழு விழிப்புக்கு வருவதில்லை; உடலை இயக்கும் பகுதிகள் முதலில் தெளிய, முடிவெடுக்கும் ஆற்றல் தங்கியுள்ள நெற்றிப்புற மூளை பின்தங்கியே தெளிகிறது. தூக்க மந்தம் எனப்படும் இந்நிலை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அகலும் என்றாலும், தூக்கம் போதாதவரிடம் அதற்கு மேலும் நீடிக்கக்கூடும். அழைப்புப் புத்தகத்தின் இரண்டு மணி நேரம், இந்த மந்தத்தைக் கரைத்துவிடப் போதுமானதாக இருந்தது.

வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்தது. 1919இல் வாஷிங்டனில் நடந்த முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு தொழில்துறைக்கு வாரம் 48 மணி நேரம் என்று வகுத்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி நேரம் என்று தனி ஏற்பாடு செய்தது. இதை நிறைவேற்றும் பொருட்டு 1930இல் ரயில்வே சட்டம் திருத்தப்பட்டு, தொடர் வேலையாளர்களுக்கு வாரம் 60 மணி நேரமும், 'இயல்பில் இடைவிட்ட வேலை' செய்பவர்களுக்கு 84 மணி நேரமும் வரம்பாயின. வண்டியோடு ஓடும் ஓட்டுநர், கார்டு முதலானோர், அதாவது இரவால் மிகுதியும் பாதிக்கப்பட்டவர்கள், இந்த விதிகளுக்குள் அடக்கப்படவே இல்லை. நீதிபதி ராஜாத்யக்ஷா 1947இல் வழங்கிய தீர்ப்பே நிலைமையைச் சீர்படுத்தி, மிகு உழைப்பு வேலைக்கு 45, தொடர் வேலைக்கு 54, இடைவிட்ட வேலைக்கு 75 மணி நேரம் என்று புதிய வரம்புகளைத் தந்தது. ரயில்வே விதிகளின் அடித்தளம் இன்றளவும் இதுவே.

இந்த வகைப்பாட்டில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது 'இடைவிட்ட வேலை' என்பதற்குத் தரப்பட்ட விளக்கம். பணியில் இருந்தும், உடலுழைப்போ இடையறாக் கவனமோ தேவைப்படாத செயலற்ற பொழுதுகள் பணிநேரத்தில் பாதியோ அதற்கு மேலோ இருந்தால் அது இடைவிட்ட வேலை எனக் கொள்ளப்படும். அத்தகைய வேலையாளர் கூடுதல் மணி நேரம் பணியிலிருக்கலாம். வண்டிகள் குறைந்த சிற்றூர் நிலையத்தாரும் லெவல் கிராசிங் கேட்கீப்பர்களில் பலரும் இவ்வகையில் அடங்கினர். கையும் காலும் சும்மா இருந்தால் மனிதன் ஓய்வெடுக்கிறான், ஓய்வு தூக்கத்தின் ஒரு சிறு அளவு, ஆகவே களைப்பு குறைகிறது என்னும் கருத்து இதற்குள் புதைந்திருக்கிறது. விதி எழுதப்பட்ட காலத்தில் இது மருத்துவர்கள் பலரும் ஒப்புக்கொண்டிருந்த கருத்துதான். தூக்கம் என்பது விழிப்பு இல்லாத நிலை. அப்போது மூளை வேலை செய்வதில்லை. எனவே தூக்கத்தை மணி நேரத்தால் மட்டும் அளந்தால் போதும் என்றே கருதப்பட்டது.

இக்கருத்தைக் கலைக்கத் தேவையான கருவி அப்போதே உருவாகிவிட்டிருந்தது என்பது காலத்தின் முரண். செருமனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைத் தலையோட்டின் மேலிருந்தே பதிவு செய்து, 1929இல் அதை வெளியிட்டார். 1937இல் அமெரிக்காவில் ஆல்பிரட் லூமிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இரவு முழுவதும் இப்பதிவை எடுத்து, தூக்கம் ஒரே சீரான நிலையன்று, படிநிலைகள் கொண்டது என்று காட்டினர். 1953இல் சிகாகோவில் யூஜீன் அசெரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும், உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் கட்டங்கள் உண்டு என்றும், அப்போது எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கனவைச் சொல்கிறார்கள் என்றும் அறிவித்தபோது, உறங்கும் மூளை சும்மா இருக்கிறது என்ற கருத்து நிலைகுலைந்தது. விரைவிழித் தூக்கம் என்று பெயர் பெற்ற அக்கட்டத்தில் மூளையின் மின்னலைகள் விழிப்புநிலையைப் பெரிதும் ஒத்திருக்கும். உடல் தசைகளோ ஏறத்தாழ முற்றிலும் செயலற்றுக் கிடக்கும்.

இன்று தெளிவாகியுள்ளபடி, ஓர் இரவின் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக அமைகிறது. முன்னிரவுச் சுற்றுகளில், மூளைப்புறணியின் நரம்பணுக்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்கும் மெதுவலைகள் நிறைந்த ஆழ்தூக்கம் மிகுந்திருக்கும். பின்னிரவுச் சுற்றுகளில் விரைவிழித் தூக்கம் மிகும். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு எழுப்பப்பட்டவர் இழப்பது தூக்கத்தின் பாதியை மட்டுமன்று, அதில் குறிப்பிட்ட ஒரு வகையைப் பெரும்பகுதியும் இழக்கிறார். மணி நேரக் கணக்கால் பிடிக்க முடியாத வேறுபாடு இது.

இவ்விரு வகைத் தூக்கத்திலும் மூளை செய்வது என்ன என்ற கேள்விக்குப் போத்தனூர் ஓட்டுநரின் தொழிலிலிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. புதிய பாதையில் வண்டியோட்டும் முன், ஓட்டுநர் அப்பாதையில் பகலிலும் இரவிலும் மற்றவரோடு பயணம் செய்து அதைப் படிக்க வேண்டும். 'ரோடு லேர்னிங்' எனப்படும் இம்முறையில் மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு என ஒவ்வொரு பகுதியிலும் கைகாட்டி எங்கே, ஏற்றம் எங்கே, வளைவு எங்கே, யானை கடக்கும் காட்டுப் பகுதி எங்கே என்பதை மனத்தில் பதித்துக்கொள்வார். 1994இல் மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் எலிகளிடம் செய்த ஆய்வு, இத்தகைய இடநினைவு எவ்வாறு நிலைபெறுகிறது என்பதற்கு ஒரு சாளரத்தைத் திறந்தது. நினைவுகள் முதலில் பதியும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியில், எலி ஓடும்போது ஒன்றாகச் செயல்பட்ட நரம்பணுக்கள், பின்னர் அது மெதுவலைத் தூக்கத்தில் இருக்கும்போதும் மீண்டும் ஒன்றாகச் செயல்பட்டன. நடந்த வழியை உறங்கும் மூளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது என்றும், இந்த மறுஓட்டத்தின் மூலம் நினைவு படிப்படியாகப் புறணிக்கு இடம்பெயர்கிறது என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், பாதை படிக்கும் பயணத்துக்கும் அடுத்த பணிக்கும் நடுவே நல்ல தூக்கம் கிடைப்பது ஓய்வு மட்டுமாகாது. பயிற்சியின் தொடர்ச்சியும் ஆகும்.

உறங்கும் மூளை தன் கழிவுகளை அகற்றும் தூய்மைப் பணியையும் செய்கிறது என்ற கருத்து இன்னும் விவாதத்தில் உள்ளது. 2013இல் மைக்கன் நெடர்கார்டின் ஆய்வுக் குழு, உறங்கும் எலியின் மூளையில் அணுக்களுக்கு இடையிலான வெளி 60 விழுக்காடு விரிவதாகவும், மூளைத் தண்டுவடத் திரவம் அதனூடே பாய்ந்து அமிலாய்டு பீட்டா போன்ற கழிவுகளை விரைவாக அகற்றுவதாகவும் அறிவித்தது. இச்செய்தி உலகெங்கும் பரவி, தூக்கத்தைப் பற்றிய ஒவ்வொரு கட்டுரையிலும் இடம்பிடித்தது. ஆனால் 2024இல் லண்டனிலிருந்து வெளியான வேறோர் எலி ஆய்வு, தூக்கத்தில் இந்த வெளியேற்றம் குறைகிறது என்ற எதிர் முடிவைத் தந்தது. எலிகளில் இன்னும் தீராத வழக்கை மனிதருக்கு அறுதியிட்டுச் சொல்வது பொருந்தாது.

தூக்கம் எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் உடலில் எழுதப்பட்டிருக்கிறது. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் திரள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியை நடத்துகிறது. ஒளி அதைத் திருத்துகிறது. இந்த உடற்கடிகாரம் பற்றிய ஆய்வில் தமிழ்நாட்டின் பங்கு பரவலாக அறியப்படாதது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் 1970களில், பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள சமணர் மலைக் குகையின் இருளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்து, ஒளியே எட்டாத இடத்தில் அடைக்கப்பட்ட வௌவால்கூடத் தன் இனத்தார் குகையிலிருந்து பறந்து செல்லும் நேரத்தோடு தன் உடற்கடிகாரத்தை ஒத்திசைத்துக்கொள்கிறது என்று காட்டினர். பின்னர் அங்கேயே, கடிகாரமும் பகலொளியும் இல்லாத அறையில் மனிதரைத் தங்கவைத்து அவர்களது உறக்க விழிப்புச் சுழற்சியைப் பதிவு செய்யும் வசதியும் அமைந்தது. அதற்கு முன்பே, 1938இல், கிளைட்மன் தம் மாணவர் ஒருவருடன் அமெரிக்காவின் மாமத் குகையில் 32 நாட்கள் தங்கி, 28 மணி நேர நாளுக்கு உடலைப் பழக்க முயன்றார். மாணவர் ஓரளவு பழகினார், கிளைட்மனின் உடல் பழைய நாளைக் கைவிட மறுத்தது. ரயில்வே அட்டவணையும் இதே சோதனையைத்தான் ஆண்டுக்கணக்கில் செய்து வருகிறது. ஒப்புதல் கேட்காமலும் பதிவு எடுக்காமலும் செய்கிறது என்பதே வேறுபாடு.

சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த விளக்கத்தின்படி, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தமும், உடற்கடிகாரத்தின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன. அழுத்தத்தின் ஒரு கூறு அடினோசின் என்னும் வேதிப்பொருள். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காபீன் அதன் வாசலை அடைக்கிறதே தவிர அதை நீக்குவதில்லை என்பதால், நடைமேடைத் தேநீர் தூக்கக் கடனைத் தள்ளிவைக்கும், தீர்க்காது. இரவுப் பணி முடித்துக் காலை ஏழு மணிக்குப் படுப்பவரிடம் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஆனால் கடிகாரமோ விழிப்பின் பக்கம் சாய்ந்துவிட்டிருக்கும். எனவேதான் இரவுப் பணியாளரின் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிட ஒன்று முதல் நான்கு மணி நேரம் வரை குறைகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. கொங்கு நாட்டில் இது ரயில்வேக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய கோவைப் பஞ்சாலைகளில் அரை நைட், முழு நைட் என்று மாறிமாறி வந்த ஷிப்ட் முறைக்கேற்பச் சங்கொலியோடு எழுந்து சங்கொலியோடு படுத்த குடும்பங்களும் இதே கடனைச் சுமந்தன. ஆயினும் பஞ்சாலையில் ஷிப்ட் மாறும் நாள் முன்கூட்டியே தெரியும். சரக்கு வண்டி ஓட்டுநருக்கோ அடுத்த அழைப்பு எந்நேரம் வரும் என்பதே தெரியாது.

இந்த இடத்தில் நேரடிச் சான்றாக அமைவது சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு. லார்ஸ் டோர்ஸ்வாலும் டோர்பியோர்ன் ஆகெர்ஸ்டெட்டும் 11 ரயில் ஓட்டுநர்களின் தலையிலும் கண்ணருகிலும் மின்முனைகளைப் பொருத்தி, ஒரே பாதையில் இரவிலும் பகலிலும் வண்டியோட்டச் செய்து, 1987இல் முடிவுகளை வெளியிட்டனர். இரவுப் பயணம் நீள நீள, கண் திறந்திருக்கும்போதே தூக்கத்தின் விளிம்பைக் காட்டும் மெதுவான மூளையலைகளும், விழிகள் மெல்ல உருளும் அசைவும் பெருகின. சிலர் வண்டியோட்டும்போதே கண்ணயர்ந்ததை ஒப்புக்கொண்டனர். நொடிகளே நீடிக்கும் இத்தகைய கண்ணயர்வு நுண்தூக்கம் எனப்படுகிறது. 2011இல் எலிகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி சென்று, நெடுநேரம் விழித்திருக்கும் விலங்கின் மூளைப்புறணியில் சில நரம்பணுக் குழுக்கள் மட்டும் தனியே தூக்கநிலைக்குச் சென்றுவிடுகின்றன என்றும், அவ்வேளையில் விலங்கு விழித்தே நடமாடினாலும் செயலில் பிழை செய்கிறது என்றும் காட்டியது. விழிப்பும் தூக்கமும் ஒரே மூளையில் ஒரே நேரத்தில் பங்கிட்டு இருக்க முடியும் என்றால், உறங்கினாரா விழித்திருந்தாரா என்று விபத்து விசாரணைகளில் வழக்கமாக எழும் கேள்வியே முழுமையற்றதாகிறது.

நுண்தூக்கம் எளிதில் நுழைவது கடும் உழைப்பின் நடுவில் அன்று. ஒலி சீராகவும் காட்சி மாறாமலும் கை சும்மாவும் இருக்கும்போதுதான். நிலக்கரி அள்ளிப் போட்ட பயர்மேனுக்குத் தசைகள் நொந்தன, ஆனால் கண்கள் மூட நேரமில்லை. டீசலும் மின்சாரமும் வந்த பிறகு உடல் நோவு குறைந்து, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை மிஞ்சியது. விதி எதை 'செயலற்ற பொழுது' என்று எண்ணிக் கூடுதல் மணி நேரத்துக்குக் காரணமாக்கியதோ, அதுவே இரவில் மூளைக்கு மிக ஆபத்தான பொழுது. எஞ்சின்களில் பொருத்தப்பட்ட விழிப்புக் காப்புக் கருவி இதற்குப் பிற்காலத்து விடை: ஒரு நிமிட அளவு ஓட்டுநர் எந்தக் கருவியையும் தொடாவிட்டால் விளக்கு மின்னும், பின் ஒலி எழும், அதற்கும் மறுவினை இல்லையென்றால் வண்டி தானே நின்றுவிடும். கைகாட்டியின் நிறத்தை ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் கையுயர்த்தி உரக்கச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இதனினும் எளியது. இரு மூளைகளையும் ஒரே நொடியில் ஒரே பொருளின் மேல் நிறுத்துகிறது என்பதால் அது கருவியைவிடச் சிறந்தது என்றுகூடச் சொல்லலாம்.

களைப்பு கண்ணை மட்டும் தாக்குவதில்லை என்பதற்கு லண்டனின் கிளாப்பம் சந்திப்பு விபத்து சான்று. ரயில்வேயின் சமிக்ஞை, தொலைத்தொடர்புப் பணிமனை அமைந்துள்ள போத்தனூருக்கு அது தொலைதூரச் செய்தியும் அன்று. 1988 டிசம்பர் 12ஆம் நாள் 35 உயிர்களைப் பறித்த அந்த மோதலுக்குக் காரணம், சமிக்ஞைப் பெட்டியில் முழுமையாக அகற்றப்படாமல் விடப்பட்ட ஒரு பழைய கம்பி. அந்த வேலையைச் செய்தவர் முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார் என்று ஆன்டனி ஹிடன் தலைமையிலான விசாரணை கண்டது. அதன் பின்னரே பிரிட்டனில் பாதுகாப்பு சார்ந்த ரயில்வே வேலைகளுக்குக் கடுமையான நேர வரம்பு வந்தது.

இந்தியாவில் வரம்புகள் பெரும்பாலும் போராட்டத்தால் வந்தன. 1973 ஆகஸ்டில் லோகோ ஓட்டுநர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் முடிவில், பணியேற்புக் கையொப்பம் முதல் பணிமுடிப்புக் கையொப்பம் வரை 10 மணி நேரம் என்ற வாக்குறுதி கிடைத்தது. 1974 மே 8 முதல் 27 வரை ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் 8 மணி நேர வேலையும் ஒன்று. இக்கோரிக்கைகளின் நியாயம் ஐயத்துக்கு இடமற்றது; எனினும் தொழிலாளரும் நிருவாகத்தைப் போலவே நேரத்தின் அளவை முன்னிறுத்தினரே அன்றி நேரத்தின் இடத்தை அவ்வளவாக முன்னிறுத்தவில்லை. இரவுக்குத் தனி எடை உண்டு என்று விதி ஒப்புக்கொண்ட அரிய இடம் இரவுப் பணிக் கணக்கு: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிடம் கூட்டி, 70 நிமிடமாகக் கொள்ளப்படும். உடல் வெப்பம் மிகத் தாழும் நான்கு மணிக்கும், பலர் இயல்பாகவே விழித்திருக்கும் பத்து மணிக்கும் இதில் ஒரே எடைதான்.

ஓய்வுக் கணக்கும் இவ்வாறே அமைந்தது. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வண்டியோட்டிய ஒருவருக்குத் தலைமையிடத்தில் 16 மணி நேரமும், வெளியூரில் 8 மணி நேரமும் ஓய்வு உண்டு. வெளியூர் ஓய்வு 'ரன்னிங் ரூம்' எனப்படும் தங்குவிடுதியில் கழியும்; சமையல், குளியல், நடை, அடுத்த அழைப்பு எல்லாம் அந்த எட்டுக்குள்ளேயே அடங்க வேண்டும். 2016இல் மசாகோ தமாகி, யுகா சசாகி ஆகியோர் பிரவுன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வு, புதிய இடத்தில் முதல் இரவு உறங்குபவரின் மூளையில் இடப் பாதியின் ஒரு பகுதி வலப் பாதியளவுக்கு ஆழ்தூக்கத்தில் இறங்குவதில்லை என்றும், வழக்கத்துக்கு மாறான ஒலிக்கு அது விரைந்து விழித்துக்கொள்கிறது என்றும் கண்டறிந்தது. அதே இடத்தில் ஒரு வாரம் கழித்து உறங்கியபோது இவ்வேறுபாடு மறைந்தது. ஈரோட்டிலோ சொர்ணூரிலோ பல்லாண்டு தங்கிப் பழகிய ஓட்டுநருக்கு அந்த விடுதி புதிய இடமன்று. ஆனால் கட்டில் அன்றன்று மாறுகிறது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் அழைப்பு நேரம் வேறாகிறது, படுக்கும் பொழுதும் ஒரு நாளைப்போல் மறுநாள் இருப்பதில்லை. இரைச்சலும் பிறர் எழும் ஓசையும் குறையும்படி விடுதி அறைகளைத் தனித்தனியாகப் பிரிப்பதும் குளிரூட்டுவதும் அண்மை ஆண்டுகளில் நடந்து வருகின்றன. தொடர்ந்து எத்தனை இரவுகள் ஒருவரைப் பணிக்கு அழைக்கலாம் என்பது மட்டும் ஓட்டுநர் சங்கங்களுக்கும் நிருவாகத்துக்கும் இடையே இன்னும் பேசப்படும் பொருளாகவே இருக்கிறது.